வாளிக்குள் நாலு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கும் யாரை வேண்டுமானாலும் பிடித்து, மீன்பிடிச் சட்டம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றுதான் சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் கண்டிப்பாகவே. சட்டம் இல்லாவிட்டால் ஒரு மீன் மிஞ்சாது, அதோ அந்தப் பக்கம் நிற்கிறானே அவனைப் பாருங்கள், விரல் நீளக் குஞ்சையெல்லாம் வாளியில் போடுகிறான் என்று கை நீளும். அந்த ஆளிடம் போய்க் கேட்டால் அவனும் வேண்டும் என்பான், அவன் கை வேறொரு பக்கம் நீளும். 1990களின் நடுவில் ஆய்வாளர்கள் இந்த நாட்டின் கரை நெடுகத் தூண்டில்காரர்களை நிறுத்திக் கேட்டபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான். விதிகளை ஆதரிக்கிறோம் என்றவர்கள் ஏராளம். மீறியதுண்டு என்று அதே வாயால் ஒப்புக்கொண்டவர்களும் நிறைய. எந்த மீனுக்கு என்ன அளவு, எத்தனை பிடிக்கலாம் என்று கேட்டால் பலருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் தடைக்காலம் என்றால் அது விசைப்படகுக்காரர்கள் பாடு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகுகள் கரையில் நிற்கும், நிவாரணத் தொகை பற்றிப் பேப்பரில் செய்தி வரும். பாலத்தின் மேல் உட்கார்ந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேலைக்காக டர்பன் வந்து, அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே கடல் இருக்கிறதே என்று ஒரு ராட் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் முதலில் கேட்டது பெர்மிட் இருக்கிறதா என்றுதான். மீன் பிடிக்கப் போஸ்ட் ஆபீஸில் பெர்மிட் வாங்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. 1998ஆம் ஆண்டின் கடல்வாழ் வளச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பெர்மிட் இல்லாமல் தூண்டிலைத் தண்ணீரில் போடக்கூடாது. பெர்மிட் இருந்தாலும் பிடித்ததை விற்கக்கூடாது. ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண்ணிக்கை, ஓர் அளவு, சிலவற்றுக்குப் பிடிக்கவே கூடாத ஒரு மூடுகாலம்.

டர்பனில் எல்லாவற்றுக்கும் நடுநாயகம் ஷாட் என்கிற மீன். நாட்டின் தென்மேற்கே கேப் பக்கத்தில் இதையே எல்ஃப் என்பார்கள். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு நாலு. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 30 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை தொடவே கூடாது. பெரிய ஷாட் குளிர்காலத்தில், சார்டின் என்கிற மத்திக் கூட்டம் வருகிற சமயத்தை ஒட்டி, கேப்பிலிருந்து டர்பன் இருக்கும் நேட்டால் கரைக்கு ஏறி வரும். வசந்தத்தில் இங்கே முட்டையிடும். முட்டையையும் குஞ்சையும் அகுல்ஹாஸ் நீரோட்டம் மறுபடி தெற்கே கொண்டு போய்விடும். ஆக, இங்கே கூடுதலாகப் பிடிக்கிற ஒவ்வொரு மீனும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிற இன்னொருவன் கணக்கிலும் குறைகிறது. 1970களில் இந்த மீன் அருகி வந்தபோது டர்பன் கடலாய்வு நிறுவனத்தில் செய்த ஆராய்ச்சியின் பேரில்தான் அளவும் எண்ணிக்கையும் மூடுகாலமும் வந்தன. மீன் திரும்பியது. விதி போட்டால் மீன் பிழைக்கும் என்பதற்கு இந்தக் கரையில் எல்லோரும் காட்டும் உதாரணம் ஷாட்தான்.

இவ்வளவும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு வாத்தியார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். டர்பனில் வயதானவர் எல்லோரும் அங்கிள், அதனால் எனக்கும் அங்கிள். என்னைத் தம்பி என்று கூப்பிடுவார். அவரிடம் மிஞ்சியிருக்கும் நாலைந்து தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. கூலர் பெட்டி மூடியின் மேல் தையல்கார டேப் ஒன்றை ஒட்டி, 30இல் சிவப்புக் கோடு போட்டிருப்பார். பக்கத்தில் நிற்கிற பொடியன்கள் மீன் பிடித்தால் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் படுக்கவைத்து அளப்பார். அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் திரும்பப் போடு என்பார். பொடியன் முகம் சுருங்கினால், அடுத்த வருஷம் வளர்ந்து வரும், அப்போது நீயும் வளர்ந்திருப்பாய் என்று தோளில் தட்டுவார். சட்டத்தை மதிக்கிற தூண்டில்காரர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் யோசிக்காமல் அவரைத்தான் காட்டியிருப்பேன்.

ஐந்தாவது மீன்

ஜூலை மாதக் காலை. கடலுக்குள் நீளும் பாலமான பியரில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஷாட் கடித்துக்கொண்டிருந்தது என்றால் அந்தச் சத்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ரீல் கிறீச்சிடும், யாரோ கத்துவார், மூன்று பேருடைய தங்கூசி ஒன்றோடொன்று சிக்கும், சிக்கெடுக்கும்போது ஆளுக்கொரு கெட்ட வார்த்தை. வாத்தியார் விடிவதற்குள் நாலு முடித்திருந்தார். அப்புறமும் இரையைக் கட்டினார். சும்மா, விட்டுவிடப் பிடிக்கிறேன் என்றார். வந்தது நல்ல பெரிய மீன், நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஷாட்டை ஏனோதானோவென்று பிடிக்க முடியாது, பல் ரம்பம் மாதிரி. ஈரத் துணியால் தலையை அமுக்கி, முள்ளைக் கழற்றி, டேப்பின் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துச் செவுளுக்குக் கீழே ஒரு வெட்டு. ஷாட் சதை சீக்கிரம் இளகிவிடும் என்பதால் பிடித்தவுடன் ரத்தம் வடியவிடுவது இங்கே வழக்கம். சிமெண்டுத் தரையில் வால் படபடவென்று அடித்தது, ரத்தம் கம்பித் தடுப்பின் அடியில் ஓடியது.

அப்புறம் கூலர் பெட்டியைத் திறந்து, இருந்த நாலில் சின்னதை எடுத்தார். அதற்கும் செவுள் வெட்டித்தான் இருந்தது. பெட்டியின் மூலையில் கிடந்து அந்த வளைவிலேயே விறைத்துப் போயிருந்தது. பச்சை மினுமினுப்பு முழுக்கப் போய் ஈயத்தின் நிறம். அதைத் தடுப்புக்கு மேலாக ஒரு வீசு. கீழே தண்ணீரில் வளைந்தபடியே மேலாகக் கிடந்து, அலை ஏற ஏற பியரின் தூண்களுக்குள் போனது. பெட்டியில் இப்போது நாலு. கணக்கு சரி.

பக்கத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து வரும் ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது, கல்யாணமாகி இரண்டு குழந்தை. கார் பட்டறையில் தகரம் தட்டுகிற வேலை, அதுவும் வாரம் முழுக்க இருக்காது. அவன் வாளியில் ஆறு இருந்தது. அது பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும், மேலே ஒரு ஈரச் சாக்கைப் போட்டிருந்தாலும். அன்று காலையில்தான் வாத்தியார் அவனிடம் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியிருந்தார். அவன் எதிர்த்துப் பேசவில்லை, சிரித்துக்கொண்டான். இப்போது அந்த மீன் பறந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இங்கே பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில்தான், என் தமிழில் சொல்கிறேன்.

“சார், நான் ஆறு பிடித்தேன். ஆறையும் என் வீட்டில் தின்பார்கள். நீங்கள் ஐந்து கொன்றீர்கள், நாலைத் தின்பீர்கள். இதில் யார் கள்ளன்?”

“சட்டம் நாலு என்கிறது. என் பெட்டியில் நாலு இருக்கிறது. உன் வாளியை நீ திறந்து காட்டு பார்க்கலாம்.”

“வாளியை ஏன் பார்க்கிறீர்கள், தண்ணீரைப் பாருங்கள்.”

வாத்தியார் விடவில்லை. “சரி, அக்டோபரில் உன் தூண்டிலில் ஷாட் மாட்டுகிறது. முள்ளை விழுங்கிவிட்டது, செவுளில் ரத்தம், செத்துவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது? திரும்பப் போடு என்கிறது. செத்த மீனைக் கடலில் போடச் சொல்வதே சட்டம்தான். நான் புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை.”

அதற்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. சுற்றி நின்றவர்கள் அவரவர் ராட் நுனியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வாக்குவாதத்தில் வாத்தியார் ஜெயித்தார் என்றுதான் அன்றைக்குச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வளைந்த மீன் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவர் சொன்னதில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது, அது எங்கே என்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து மீன் கழுவும்போதும் அதுதான், திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போதும் அதுதான்.

செத்த மீனைப் போடச் சொல்லும் சட்டம்

கோணல் எங்கே என்று எனக்குப் பிடிபட்டது அந்த வருஷம் அக்டோபரில். மூடுகாலத்தில் பியர் காலியாகிவிடாது. நான் ஷாட்டுக்கு வரவில்லை, வேறு மீனுக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு கூட்டம் நிற்கும். அதில் உண்மையாகவே ஸ்டம்ப்நோஸுக்கும் கிரண்டருக்கும் வந்தவர்கள் உண்டு. வேறு மீனுக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு ஷாட்டுக்கென்றே கட்டும் கம்பியும் சார்டின் துண்டுமாக நிற்பவர்களும் உண்டு. ஒருவர் ஷாட்டைத் தூக்கினார், சுற்றிலும் பார்த்தார், “முள்ளை விழுங்கிவிட்டது, பிழைக்காது” என்று பொதுவாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் பைக்குள் போட்டார். மீன் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது. அதுவும் பிழைக்காதாம்.

அதைப் பார்த்த பிறகுதான் அந்த விதி ஏன் அவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறது என்று விளங்கியது. செத்த மீனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டால், அக்டோபரில் பிடிபடுகிற எல்லா ஷாட்டும் செத்த மீனாகத்தான் இருக்கும். ஒரு பொய்க்கு இடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகச் சட்டம் சில மீன்களை வீணடிக்கிறது. யோசித்துச் செய்த வீண் அது, அந்த வீணுக்குக் கைமேல் பலன் இருக்கிறது. வாத்தியார் ஜூலையில் வீசிய மீனுக்கு அப்படி ஒரு நியாயமும் கிடையாது. அது போனது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் மீன் ஒன்று பெட்டிக்குள் வருவதற்காக மட்டும். இரண்டு மீனும் தண்ணீரில்தான் மிதந்தன, இரண்டையும் நண்டுதான் தின்றிருக்கும். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல.

அதற்காக அந்தப் பையன் பக்கம் நான் சாய்ந்துவிட்டேன் என்று இல்லை. வீணாக்காமல் தின்றேன் என்பது வீட்டில் சொல்ல வேண்டிய நல்ல வார்த்தை, பியரில் சொல்ல அது போதாது. நல்ல ஷாட் காலையில் ஒரு பியரில் நூறு பேர் நின்று ஆளுக்கு இரண்டு கூடுதலாக எடுத்தால், அந்த ஒரு காலையில் மட்டும் இருநூறு மீன். அந்த நூறு பேரும் நல்லவர்களாக, குடும்பஸ்தர்களாக, ஒரு முள்ளைக்கூட வீணாக்காதவர்களாக இருக்கலாம். மீனுக்கு அது தெரியாது. வாத்தியார் அடிக்கடி செவன்டிஃபோர் மீனைப் பற்றிச் சொல்வார். ஒரு காலத்தில் நேட்டால் படகுகள் குவித்து இறக்கிய மீன், 1998 முதல் யாரும் தொடக்கூடாது. உன் வயதுக்காரன் ஒருவனாவது அதைத் தின்றிருக்கிறானா என்று கேட்பார். 2000 டிசம்பரில் அமைச்சர் வாலி மூசா தூண்டில் மீன்களுக்கு நெருக்கடி நிலையே அறிவித்தார், அவ்வளவு மோசமாகியிருந்தது. அதெல்லாம் உண்மை. எண்ணிக்கை என்ற ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் எண்ணிக்கை இன்ஸ்பெக்டருக்காகப் போட்டது. அவர் வருவதே அபூர்வம். வந்தாலும் அவரால் பார்க்க முடிவது வாளிக்குள் மட்டும்தான். வாளிக்கு வெளியே நடப்பதற்கு நாம்தான் சாட்சி. பெட்டியில் இருப்பதை மாற்றிக்கொள்ளலாம் என்று வாத்தியார் தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டது அந்த இடத்தில்தான். பையன் சாக்கை மூடியதும் அந்த இடத்தில்தான். என்னைக் கேட்டால் நாலு ஆனதும் இரையைக் கழற்றிவிட வேண்டும். விட்டுவிடப் பிடிக்கிறேன் என்பதெல்லாம் பெரிய மீன் வருகிற வரைக்கும்தான்.

புரட்டாசியில் யார் செக் பண்ணுகிறார்கள்

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி மாதம் என்றால் கவிச்சி கிடையாது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைக்கும். 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் வந்தவர்களின் கொள்ளுப்பேரன்களுக்கு மொழி போய்விட்டது, இந்த விரதம் போகவில்லை. கடைகளில் புரட்டாசி ஸ்பெஷல் என்று காய்கறிக்குத் தள்ளுபடி போடுகிற அளவுக்கு ஊரே அறிந்த விஷயம். செப்டம்பரில் ஷாட் இன்னும் சட்டப்படித் திறந்துதான் இருக்கும், நன்றாகக் கடிக்கவும் செய்யும். ஆனால் அந்த ஃபீனிக்ஸ் பையன், ஆறு மீனைச் சாக்கால் மூடியவன், புரட்டாசி பிறந்தால் பியர் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். அவனிடம் பெர்மிட் கேட்டு யாரும் வரப் போவதில்லை. அபராதம் கிடையாது. ராட்டைப் பறிமுதல் செய்ய ஆள் கிடையாது. அவன் அம்மா வீட்டில் மீன் பாத்திரங்களைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்துவிடுவார், அவ்வளவுதான்.

இதைப் பெரிய தத்துவமாக்கவும் நான் தயாரில்லை. புரட்டாசியிலும் மீன் பிடித்து, நான் தின்னவில்லையே என்று பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுக்கிற ஆசாமிகளை எனக்குத் தெரியும். சாமியிடமும் நாம் சந்து பொந்து தேடுகிறவர்கள்தான். ஆனாலும் அந்த விதியைப் பற்றி யாரும் பியரில் நின்று யாருக்காக இந்தச் சட்டம் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அரசாங்க விதியைப் பற்றி மட்டும் அந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது.

அது ஏன் என்று அந்தப் பையனிடமே ஒரு நாள் கேட்டேன். கடகடவென்று கொட்டினான். அவன் தாத்தா காலத்தில் எந்த மணலில் நிற்கலாம் என்பதைத் தோலின் நிறம் முடிவு செய்தது, 1990 வரைக்கும் அதுவும் சட்டம்தான். அப்பா காலத்தில் போய் நின்ற துறைமுக முனைகளைப் பாதுகாப்பு என்று சொல்லி அடைத்துவிட்டார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் வடக்கே ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்து, விஷம் உம்ஷ்லாங்கா கழிமுகம் வழியாகக் கடலுக்கு வந்தது, மீன் பிடிக்காதே என்று தடை போட்டார்கள். அடுத்த ஏப்ரலில் வெள்ளம், அப்புறம் கடலில் சாக்கடை, மறுபடி கடற்கரைக்குப் பூட்டு. டர்பனுக்கு வடக்கே கடலில் உள்ள துகேலா திட்டில் இறால் இழுவைப் படகுகள் இறாலோடு சேர்த்து வாரிக் கொட்டிய குஞ்சு மீன்களுக்கு எந்த டேப்பை வைத்து அளந்தார்கள்? “எல்லோரும் எடுத்த பிறகு மிச்சத்தை எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு என் வாளிதான் கிடைக்கிறது,” என்றான்.

அவன் அடுக்கியதில் எல்லாம் ஒரே தராசில் நிற்காது. விஷக் கடலில் பிடித்த மீனைத் தின்னாதே என்ற தடை அவன் பிள்ளைகளுக்காகத்தான். துகேலா பக்கம் 2019இல் கடல் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள், பெரியவர்களைத் தொடவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பெர்மிட் விஷயத்தில் அவன் சொன்னதை என்னால் தள்ள முடியவில்லை. எனக்கு மீன் பிடிப்பது பொழுதுபோக்கு. ஷாட் கிடைக்காத வாரம் கடையில் ஹேக் மீன் வாங்கிக்கொள்வேன். அவனுக்கு வேலை இல்லாத வாரத்தில் புளி கரைத்த மீன்குழம்பு என்றால் அது இந்த பியரிலிருந்து போனால்தான் உண்டு. அரசாங்கத் தாளில் நானும் அவனும் ஒரே பெட்டி, கேளிக்கைக்காக மீன் பிடிப்பவர்கள். வயிற்றுக்காகப் பிடிப்பவன் என்று ஒரு வகை சட்டத்தில் இருக்கிறது, டர்பன் பியர்களில் நிற்கும் இவனைப் போன்றவர்கள் அதற்குள் வருவதில்லை என்பது இங்கே பழைய மனக்குறை. அவனை அந்தப் பெட்டிக்கு மாற்றினால் நாலு ஆறாகிவிடுமா, ஆகத்தான் வேண்டுமா என்பது வேறு பேச்சு. முதலில் அவன் யார் என்று சரியாக எழுதியிருந்தால், நாலு என்று சொல்லும்போது அவன் காது கொடுத்தாவது கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வாத்தியாரிடம் அக்டோபர் விஷயத்தை எடுத்துச் சொன்னேன். அவர் வீசியதற்கும் சட்டம் வீசச் சொல்வதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் பட்டதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், கணக்கு வாத்தியார் அல்லவா, ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார். முடிவில், “நீ சொல்வது தர்மம் தம்பி, நான் சொன்னது ரூல்” என்று சொல்லிவிட்டு இரையைக் கட்டப் போய்விட்டார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போதும் அவர் பெட்டியைத் திறக்கும்போது நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் பார்க்க அவர் எதையும் வீசவில்லை. பார்க்காதபோது என்னவோ.

போன மாதம் ஃபீனிக்ஸ் பையன் எனக்கு வாட்ஸ்அப் பண்ணினான். அவன் ஏரியா போஸ்ட் ஆபீஸை மூடிவிட்டார்களாம், பெர்மிட்டை ஆன்லைனில் வாங்கலாம் என்கிறார்கள், அது எப்படி என்று கேட்டிருந்தான். இவ்வளவு நாள் பெர்மிட் இல்லாமலா நின்றாய் என்று கேட்டேன். இருந்தது அண்ணா, காலாவதியாகிவிட்டது என்றான். சனிக்கிழமை லேப்டாப்போடு அவன் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். எத்தனை பிடிப்பாய் என்று இந்த முறை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன், அவனே முந்திக்கொண்டான்: “பெர்மிட் எடுக்கிறேன் அண்ணா, ஆனால் ஆறு ஆறுதான்.”